பில்லின் பின்பக்கத்தில் ஒரு சங்கீதம்

கர்த்தருக்குள் அன்பான பாறசாலை சபையாருக்கும், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற சொந்தபந்தங்களுக்கும் ஸ்தோத்திரம்.

அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாச்சு. அந்தப் பதினேழு நாளை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கும் தெரிந்ததுதான். ரத்தம் கொடுத்த வாலிபர்கள், நடுராத்திரியில் வண்டி எடுத்த அண்ணன், முறைபோட்டுக் கஞ்சி கொடுத்துவிட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், போதகர் ஐயா, எல்லாருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், தூக்கமில்லாத தலை இது.

ஆனால் எழுத உட்கார்ந்தது அடுத்த கட்டில் சேச்சிக்காக. பத்தனம்திட்டைப் பக்கத்துக்காரர், மார்த்தோமா சபை. மாமியாருக்குத் துணையாக வந்திருந்தார். அம்மா யாரோடும் பேசாமல் கிடந்த நாட்கள் அவை. மலையாளத்தில் ஜெபித்தால் அசைவே இருக்காது, நான் தமிழில் சங்கீதம் வாசித்தால் மட்டும் தலை லேசாகத் திரும்பும். இதை என்னைவிட முன்னால் கவனித்தது சேச்சிதான். ஒருநாள் மருந்துக்கடை பில்லைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, “மெல்லெ பற மோளே” (மெதுவாகச் சொல்லு மகளே) என்றார். நான் 121ஆம் சங்கீதத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். ‘ஒத்தாசை’ வந்ததும் பேனா நின்றது. மலையாளத்தில் அது குற்றத்துக்குத் துணைபோகிறதைச் சொல்லும் வார்த்தை ஆச்சே! “தைவம் ஒத்தாச செய்யுமோ?” என்று திகைத்தவர், நான் விளக்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் நான் லேபுக்கும் மருந்துக்கும் வரிசையில் நிற்கப் போகும்போதெல்லாம் அந்தப் பில்லை எடுத்து அம்மாவுக்கு வாசிப்பாராம். பதினோராம் நாள் நான் திரும்பி வரும்போது, ‘கண்களெ’ என்று வாசித்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல்:

“களெ இல்ல... களை.”

சண்டே ஸ்கூல் டீச்சராக இருந்த நாக்கு, பிழையைப் பொறுக்குமா! மருந்துக் கவரைக் கீழே போட்டுவிட்டேன்.

1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டு வந்த கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்கிறேன். பெரிய காரியம்தான். ஆனால் அவருக்கு அது ஊழியம். சேச்சிக்கு நாங்கள் யார்? 1956இல் மாநில எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அம்மா பிறந்த வீடு அங்கே, வாக்கப்பட்ட வீடு இங்கே. மார்த்தாண்டத்தில் தமிழ் மீடியம் படித்த நான், இத்தனை வருஷம் இங்கே இருந்தும் பஸ் போர்டைத் தாண்டி மலையாளம் வாசிக்கப் பழகவில்லை. கூச்சமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் படித்துவிடுவேன். அந்தப் பில் அம்மாவின் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது, பாடம் அதிலிருந்தே ஆரம்பம்.

சேச்சியின் மாமியார் இன்னும் வார்டில்தான், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை போகிறேன். கையோடு முந்திரிக்கொத்து கொண்டுபோகணும் என்று அம்மா உத்தரவு. சித்தி அடுக்களையில் பயறு வறுக்கிறாள். கருகுகிற வாசனை வருகிறது, போய்ப் பார்க்கிறேன்.