அலையை மட்டும் பார்க்காதீர்கள், கூரையையும் பாருங்கள்

தமிழ்நாடு, புதுச்சேரி பேரிடர் மேலாண்மை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது. அளவு ஏறத்தாழ 5.5. சென்னை வரை ஆட்டம் தெரிந்து, மாடிவீட்டுக்காரர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம் நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, பயம் இருக்காதா? மறு ஆண்டு வந்த நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து, அதைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது.

அப்புறம் 2004 டிசம்பர் வந்தது. அன்றிலிருந்து கடலில் எங்கே அதிர்ந்தாலும் எல்லாரும் கேட்பது, அலை வருமா என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. நல்லது.

நான் கேட்பது வேறு. 5.5 அளவு அதிர்வு பொதுவாகச் சுனாமியைக் கிளப்பாது. ஆனால் இற்றுப்போன கூரையை இறக்க அது போதும்.

சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த கடலோரக் குடியிருப்புகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. தொட்டால் துரு செதில் செதிலாகக் கையில் வருகிறது. பக்கத்துக் கொக்கியிலேயே பிள்ளைக்குத் தூளி கட்டியிருக்கிறார்கள். உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலிருக்கும் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. இதன்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் பழுது மறையும், போகாது. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்த அதிர்வு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இப்போதே ஒவ்வொரு குடியிருப்பையும் கட்டுமானப் பொறியாளரை வைத்துச் சோதியுங்கள். தொண்டு நிறுவனம் கட்டியது, பட்டா குடியிருப்பவர்கள் பேரில் இருக்கிறது, பழுது அவர்கள் பொறுப்பு என்று கைகழுவாதீர்கள். அன்றாடம் கடலுக்குப் போய் வருகிறவர் கூரையைப் பிரித்துப் போடப் பணத்துக்கு எங்கே போவார்? எந்த வீடு இருக்கத் தகுந்தது, எது தகாது என்று ஊர்ப் பொதுக்கூடத்தில் எழுதி ஒட்டுங்கள். தகாத வீட்டுக்காரர்களுக்கு மாற்று வீடு அதே ஊரில், படகு நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கொடுங்கள்.

நிலம் ஆடினால் ஒதுங்கும் திடல் எது, அங்கே போகும் வழியில் எந்தச் சன்ஷேடுக்குக் கீழே நிற்கக் கூடாது என்பதையும் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் இந்தச் சோதனையை முடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
கடலோரவாசி ஒருவர்