அந்த மீ கோரெங் கணக்கு

மாப்ள,

நீ நம்பர் மாத்திட்டியா இல்ல என்ன பிளாக் பண்ணிட்டியான்னு தெரியல, அதான் இங்க எழுதுறேன். நம்ம செட்டு பசங்களும் படிப்பானுங்க, அதனால சிலத சொல்லாம விட்டுட்டுப் போறேன். உனக்குப் புரியும்.

போன வாரம் மலேசியால, பினாங்குல இருந்தேன். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில மூணு நாள் வேலை, கடைசி நாள் சாயங்காலம் கிராப் டாக்ஸி புடிச்சு ஜார்ஜ் டவுன் வந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கிட்ட எறங்கி சும்மா நடந்தேன். சும்மால்லாம் இல்ல, தேடிட்டுதான் போனேன். நாம மீ கோரெங், அதான் அந்த வறுத்த நூடுல்ஸ், சாப்ட்ட ஸ்டால் அப்படியேதான் இருக்கு.

2019 டிசம்பர்ல நீ எடுத்த கிளாஸ் ஞாபகம் வந்துச்சு. மஞ்ச நூடுல்ஸ் சீனங்க குடுத்தது, சம்பல் மலாய்க்காரங்க குடுத்தது, கை மட்டும் நம்மாளு கை, மாமா மாமான்னு கூப்டுதான் அங்க இருக்குற தமிழ் முஸ்லிம்களுக்கு மாமாக்னு பேராச்சுன்னு ஏதோ நீயே கண்டுபுடிச்ச மாதிரி. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வாணலில தீ எகிற எகிற அந்த செவப்பு மொளகா விழுத ஒரு கரண்டி போட்டு, வெந்த உருளக்கெழங்கு, டோஃபு, எறா வடைய கரண்டி ஓரத்தாலயே நறுக்கிப் போட்டு, கடைசில மேல கணவா சம்பல். இனிப்பா ஆரம்பிச்சு காரத்துல முடியும்.

கடைக்காரரு எந்த ஊருன்னு கேட்டாரு, நீ கடையநல்லூர்னு சொன்ன, அவங்க அப்பாவும் கடையநல்லூராம், அவ்ளோதான், ரெண்டு பேரும் தெரு தெருவா பேச ஆரம்பிச்சிட்டீங்க. நான் பக்கத்துல உக்காந்து ரிங்கிட்ட பதினேழால பெருக்கிட்டு இருந்தேன். நாலு மாசமா வேல இல்ல, டிக்கெட்டு ரூமு எல்லாம் உன் காசு. ஒரு தட்டு போதும் ஷேர் பண்ணிக்கலாம்னு சொன்னேன், தப்பா? "பாய், இவனுக்கு ரூபாயா மாத்திப் பாத்தாதான் தொண்டைல எறங்கும்"னு நீ சிரிச்ச. அவரும் சிரிச்சாரு, பாவம் அவருக்கென்ன தெரியும். அப்பதான் என் பக்கத்து நூடுல்ஸ் மேல நீ எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டிருந்த. முள்கரண்டிய அதுலயே குத்திட்டு எந்திரிச்சுப் போனேன்.

போயிருக்கக் கூடாது. சாரிடா. ஆனா நீ பின்னாடியே வந்திருக்கலாம், முழுசா சாப்ட்டு முடிச்சுட்டுதான ரூமுக்கு வந்த.

உன் நிக்காஹ் விஷயமும் சொல்லிடுறேன். டிக்கெட் கெடைக்கலன்னு சொன்னது பொய். பொதிகைல எக்மோர்ல ஏறிட்டேன், பிரியாணி ஆர்டர் பண்ணிருப்பியே எனக்குப் புடிச்ச மாதிரின்னு நெனச்சுட்டே வந்தேன், அப்பறம் உங்க வீட்ல எல்லாரும் அந்தக் கதைய கேட்ருப்பாங்கன்னு தோணி விழுப்புரத்துலயே எறங்கி வீட்டுக்குப் போயிட்டேன். தோணினது தப்பில்லன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. யாரு சொன்னான்னு இங்க எழுதல, அவனும் படிப்பான். நீ ஏன்டா சொன்ன? என்கிட்ட கேட்ருந்தா கொஞ்சம் கொஞ்சமா குடுத்திருப்பேன்ல.

இப்ப மொத்தமா குடுக்குறேன். ஒண்ணாம் தேதி உன் பழைய அக்கவுண்ட்டுக்கு வரும், குளோஸ் பண்ணிருந்தா உங்கண்ணன்கிட்ட சொல்லி விடு. வட்டி வேணும்னாலும் கேளு. கேக்க மாட்ட, அதான் எரிச்சலா இருக்கு.

இந்தத் தடவ தனித் தட்டுதான் வாங்கினேன். கணக்கு போடக் கூடாதுன்னுதான் போனேன், போட்டுட்டேன், ரிங்கிட் இப்ப 20 ரூபாய தாண்டிருச்சு. அவருக்கு என்ன அடையாளம் தெரியல. எந்த ஊரு தம்பின்னு கேட்டாரு. விழுப்புரம்னு சொல்ல வாயத் தொறந்தேன், கடையநல்லூர்னு வந்துருச்சு. எந்தத் தெருன்னாரு. உங்க தெருவ சொன்னேன். கணவா ஒரு கரண்டி கூட வெச்சாரு.