ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவர்களுக்கு

மதிப்புக்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் நான் படித்த பள்ளிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். வந்த வேலை முடிந்ததும் சும்மா இருக்காமல், "அந்தப் பழைய பிபிசி கம்ப்யூட்டர் எங்க சார் இருக்கு?" என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். எழுத்தர் நல்ல மனிதர். அலுத்துக்கொள்ளாமல் இருப்புப் பதிவேட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். ஒரு வரி, அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கையெழுத்து. கால் உடைந்த பெஞ்சுகளோடும் ஓடாத மின்விசிறிகளோடும் சேர்த்துக் கண்டம் செய்து (இனி உதவாது என்று எழுதிக் கழித்து), பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டாயிற்று. எத்தனை கிலோ என்றுகூட எழுதியிருந்தார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆடிட் வரும்போது ஓடாத சாமானுக்குப் பதில் சொல்வது எவ்வளவு தொல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அதே சாமான் இன்னும் எத்தனையோ பள்ளிகளின் ஸ்டோர் ரூமில், பரீட்சைத் தாள் கட்டுகளுக்கும் உடைந்த உலக உருண்டைக்கும் நடுவே தூங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சாவி உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

எந்தச் சாமானைச் சொல்கிறேன் என்று இளைய தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகளில் ஆரம்பித்து, பின்னர் இன்னும் பல பள்ளிகளுக்குப் போனது. கொடுத்த இயந்திரம் இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சின்ன நிறுவனம், பிபிசி தொலைக்காட்சியின் கம்ப்யூட்டர் பாடத்தோடு சேர்த்து விற்பதற்காக 1981-ல் உருவாக்கியது. 12,000 விற்றால் பெரிது என்று கணக்குப் போட்டார்கள், பத்து லட்சத்தைத் தாண்டிப் போனது. இதே இயந்திரத்தை மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரிலும் போட்டது. உங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தாலும் ஆள் ஒன்றுதான். வெளிறிய மஞ்சள் நிறத்தில் கனமான ஒரு விசைப்பலகை மாதிரி இருக்கும். மேல் வரிசையில் பத்துச் சிவப்பு விசைகள். கம்ப்யூட்டரே அந்த விசைப்பலகைக்குள்தான் இருக்கிறது. தனிப் பெட்டியைத் தேடாதீர்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் இதை 'ஹோம் கம்ப்யூட்டர்' என்று சொல்லி உருகுவார்கள். நமக்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது. 32 கேபி நினைவகம் உள்ள மாடல் பி அங்கேயே 399 பவுண்டு. நம் தெருவில் யார் வீட்டில் இருந்தது? எங்களுக்கு அது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவது மாதிரி போக வேண்டும். ஜன்னலுக்குத் திரை, இயந்திரத்துக்குத் துணியுறை. வகுப்பில் நாற்பத்தைந்து பேர், கம்ப்யூட்டர் இரண்டு, பாடவேளை வாரத்துக்கு ஒன்று. முண்டியடிக்கத் தெரிந்த பையன்கள் முன்னால் உட்காருவோம். பெண் பிள்ளைகள் சுவரோரமாக நின்று எட்டிப் பார்ப்பார்கள். சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கே சில வாரப் பயிற்சிதான். கூட வந்த பாடங்கள் ஆங்கிலத்தில், ஏதோ ஒரு இங்கிலாந்துப் பிள்ளைக்கு எழுதியவை. பழைய நினைவு எல்லாவற்றுக்கும் சர்க்கரை தடவிவிடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திட்டம் பெரிதாக வெற்றிபெற்றது என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் ஒரு மதியம் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

சுவிட்சைப் போட்டால் பிபிசி மைக்ரோ இரண்டு குரலில் கூவும், முதலில் தணிந்து ஒன்று, உடனே உயர்ந்து ஒன்று. ஒரு நொடிதான், கறுப்புத் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து வரும். அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். படம் இல்லை, பட்டன் இல்லை. 'சொல்லு' என்று காத்துக்கொண்டிருக்கும். பேசிக் என்ற நிரல் மொழி, அழியாத நினைவகமான ரோம் சிப்பிலேயே இருந்ததால் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, நேராகத் தட்ட ஆரம்பிக்கலாம்.

எங்கள் கணக்கு ஆசிரியர்தான் கம்ப்யூட்டருக்கும் பொறுப்பு. அன்று அவர் கரும்பலகையில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண். இடமிருந்து வலமாகக் கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. சாக்பீஸால் நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைக்கும். அப்படி எட்டு எண்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் இல்லாத ஒரு எழுத்தை நாமே செய்துவிடலாம். இரண்டாவது கட்டத்தை மட்டும் ஆறு வரிசைக்கு நிரப்பினார். ஏழாவது வரிசையில் இரண்டிலிருந்து ஏழு வரைக்கும். கடைசி வரிசை காலி. ஆறு அறுபத்து நாலு, ஒரு நூற்றிருபத்தாறு, ஒரு பூஜ்யம். அப்புறம் போய் ஆங்கிலத்தில் தட்டினார் (மோட் என்பது MODE, விடியூ என்பது VDU):

மோட் 4
விடியூ 23,224,64,64,64,64,64,64,126,0
விடியூ 224

திரையில் ஒரு 'ட' வந்து நின்றது. கேம்பிரிட்ஜில் எவனோ செய்த இயந்திரத்தில், அவன் வைக்காத எழுத்து. வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் அடங்காத சத்தம்.

(மோட் 4-க்கு மாறாமல் செய்தால் வராது. சுவிட்சைப் போட்டதும் வருவது மோட் 7. அதில் எழுத்தெல்லாம் ஒரு தனிச் சிப்பில் இறுகிப்போய் இருக்கும், நாம் கை வைக்க முடியாது. நாங்களாகத் தட்டும்போது அந்த முதல் வரியை விட்டுவிட்டு, ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் கண்டுபிடித்தோம்.)

அன்று முதல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கட்டம்தான். 'ப' சுலபம், அறுபத்தாறை ஆறு தரம் போட்டு அடியில் நூற்றிருபத்தாறு. புள்ளி வைக்க மேலே ஒரு வரிசையை விட வேண்டும், அதனால் எழுத்து குள்ளமாகிவிடும். 'ண' எங்களை அழ வைத்தது. அதன் சுழிகளெல்லாம் எட்டுக் கட்டத்துக்குள் நிற்காது, இரண்டு எழுத்தாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அறிவியலில் சுமாரான ஒருத்தன்தான் அதைச் சரியாக வெட்டினான். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்ததுதான், அதற்குப்பின் படித்த எதுவும் அதை மாற்றவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் எண், அந்த எண்ணை நானும் மாற்றலாம்.

இன்று உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கும். இருக்கட்டும், அதுவும் வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூட 32 கேபி போதாது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியிருந்தது, ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை அதை முழுசாகத் தெரிந்துகொள்ள முடிந்தது என்று காட்ட, பழைய இயந்திரத்தை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. இதே ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து ஒரு புது ப்ராசசரை வடிவமைத்தார்கள். அதன் கட்டளைகள் சரியாக வேலை செய்யுமா என்று வில்சன் முதலில் சோதித்துப் பார்த்தது பிபிசி பேசிக்கில்தான். 1985 ஏப்ரல் 26-ம் தேதி முதல் சிப் வந்ததும், ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டினார்கள். அதுதான் ஆர்ம். இன்று பிள்ளைகள் பைக்குள் ஒளித்துக் கொண்டுவரும் (நீங்கள் பிடுங்கி அலமாரியில் பூட்டும்) போன்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதன் வாரிசுதான் ஓடுகிறது. பேரப்பிள்ளை உங்கள் அலமாரியில், பாட்டி உங்கள் ஸ்டோர் ரூமில்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

முதலில், தயவுசெய்து கண்டுபிடித்த சந்தோஷத்தில் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். இதற்குள் இருக்கும் பவர் சப்ளையில் தேன் நிறத்தில் மினுங்கும் கெப்பாசிட்டர்கள் உண்டு. வயதானதில் அதன் மேலோடு மயிரிழையாக வெடித்து ஈரம் ஏறியிருக்கும். கரண்ட் பட்டதும் படாரென்று வெடித்து, நாள் முழுக்கப் போகாத நாற்றத்தோடு அறையெல்லாம் புகை. பயந்துபோய் மறுபடி கண்டம் எழுதிவிடுவீர்கள். உண்மையில் கெட்டது அந்தத் துண்டு மட்டுமாகத்தான் இருக்கும், மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. ஊரில் டிவி மெக்கானிக் யாராவது மிச்சம் இருந்தால் கூப்பிடுங்கள். பின்பக்கமும் அடியிலும் 'ஃபிக்ஸ்' என்று அச்சடித்த நான்கு திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும், இடப்பக்கத்துத் தகரப் பெட்டிதான் பவர் சப்ளை. இன்றைக்கு எந்தப் போனை இவ்வளவு மரியாதையாகத் திறக்க முடிகிறது?

அப்புறம், பக்கத்தில் கேசட்டோ ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். அதில் ஏதாவது ஒரு மாணவி எழுதிய மதிப்பெண் பட்டியல் இருக்கலாம், ஏழு எழுத்துக்குள் சுருக்கிய ஒரு கோப்புப் பெயரில். பிபிசியே இதில் ஒருமுறை சூடுபட்டது. 1086-ல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பின் 900-வது ஆண்டுக்காக, நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்து 1986-ல் லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். பதினைந்து வருடத்தில் அந்தத் தட்டை வாசிக்கும் கருவியே அரிதாகிப்போய், மீட்க ஆராய்ச்சியாளர்கள் படாதபாடு பட்டார்கள். அந்தக் கணக்கெடுப்பின் 900 வருடத்துத் தோல் ஏட்டை மட்டும் அன்றைக்கும் பிரித்துப் படிக்க முடிந்தது.

சரிசெய்து முடித்தபின் கண்ணாடி அலமாரியில் வைத்து மாலை போடவும் வேண்டாம். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் வகுப்பறை மாதிரியே பிபிசி மைக்ரோக்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் உட்கார்ந்து தட்டலாம். உங்களுக்கு வரிசை வேண்டாம், ஒரு மேசை போதும். லேபின் மூலையில் போடுங்கள். துணியுறை மட்டும் வேண்டாம்.

சிவப்புக் கோடு போடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். இரண்டு குரலில் கூவினால், மேலே எழுதியிருக்கும் மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு பெண் பிள்ளையை உட்கார வையுங்கள். எங்கள் வகுப்பில் அவர்கள் முறை வருவதற்குள் எப்போதும் மணி அடித்துவிடும்.

இப்படிக்கு,
சுவரோரம் நிற்காமல் முண்டியடித்த பழைய மாணவன் ஒருவன்