கழற்றுவதற்கு முன் சோதியுங்கள்: பழைய ஒட்டோ கியர் கெப்களின் நிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னரும், இன்றைய விலையில் புதிதாக ஒன்றை வாங்க வழியில்லாத சிறு வியாபாரிகள் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய கெப்களையே நம்பித் தொழில் செய்கிறோம். அவற்றுள் ஒட்டோ கியர் உள்ள வாகனம் கியர் மாறத் தாமதித்தாலோ, மாறும்போது உதறினாலோ, கொழும்பிலுள்ள பல கராஜ்களில் முதலில் கிடைக்கும் பதில், "கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது, பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒன்றை எடுத்துப் போடுவோம்" என்பதுதான். எந்தச் சோதனையும் செய்யாமல் சொல்லப்படும் இந்தப் பதிலைப் பற்றியே எழுதுகிறேன்.

புறக்கோட்டையிலிருந்து சரக்கு ஏற்றும் எங்கள் கடையின் கெப் நகரத்துக்குள் ஒரு குறையுமின்றி ஓடியது. ஆனால், விடியற்காலையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறியதும் ஓவர்டிரைவ் எனப்படும் நான்காவது கியர் விழ மறுத்தது. என்ஜின் இரைந்துகொண்டு மூன்றாவதிலேயே நின்றது. ஒரு கராஜில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளேயுள்ள கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கூறி, கியர் பொக்ஸ் மாற்றுவதற்கு விலையும் பேசினார்கள். பின்னர் பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் வாகனத்தை ஜாக்கி போட்டு உயர்த்தவே இல்லை. வேகமாக ஓடும்போது வெப்பமானி முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டார். அது குளிர்ந்த பக்கத்தை விட்டு அதிகம் எழும்புவதில்லை. முன்னொரு திருத்த வேலையின்போது, என்ஜின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசியிருந்தார்கள். வெப்ப நாட்டு வாகனத்துக்கு அது வேண்டியதில்லை என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. இலத்திரனியல் கட்டுப்பாடுள்ள பல கியர் பொக்ஸ்களில், என்ஜின் தண்ணீர் போதிய சூட்டை எட்டும்வரை கணினி ஓவர்டிரைவை அனுமதிப்பதில்லை. நகர நெரிசலில் காற்றோட்டமின்றிச் சூடேறிய எங்கள் என்ஜின், அதிவேகப் பாதையின் எதிர்காற்றில் அந்தச் சூட்டை இழந்துகொண்டிருந்தது. புதிய வால்வு பொருத்தியதும் நான்காவது கியர் தானாகவே வந்தது.

எல்லாக் கோளாறும் இவ்வளவு எளிதில் தீர்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதில் முதலிடம் ஒயிலுக்கு. ஒட்டோ கியர் பொக்ஸில் ஒயில் வெறும் உராய்வு நீக்கி அல்ல. கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும், என்ஜினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையிலுள்ள டோர்க் கன்வேர்ட்டர் வழியாக என்ஜினின் சக்தியைக் கடத்துவதும் அதுவே. டொயோட்டாவின் பழைய மாதிரிகளில், வாகனத்தைச் சிறிது தூரம் ஓட்டி ஒயிலைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பிரேக்கை மிதித்தபடி கியர் கோலை 'பி'யிலிருந்து 'எல்' வரை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி, மீண்டும் 'பி'க்குக் கொண்டுவந்த பிறகே அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சில தயாரிப்புகளில் 'என்' நிலையில் வைத்துப் பார்ப்பதே முறை. அளவுக்கம்பியே இல்லாத பிந்திய மாதிரிகளும் இருக்கின்றன. என்ஜின் ஒயில் பார்ப்பதுபோல் நிறுத்தி ஆறிய வாகனத்தில் பார்த்து, அளவைத் தவறாகக் கணித்துவிடுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஒயில் குறைந்தால் கியர் வழுக்கும், 'டி'யில் போட்டதும் வாகனம் நகரத் தாமதிக்கும். அளவுக்கு மிஞ்சினாலும் சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்குவதால் அதே அறிகுறிகள் தோன்றும்.

அளவைப் பார்த்ததும் கம்பியின் நுனியிலுள்ள ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். நல்ல ஒயில் சிவந்து தெளிவாகப் பரவும். கபில நிறமாகிக் கருகிய வாடை வீசினால் உராய்வுத் தட்டுகள் எரிந்திருக்கக்கூடும். இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த ரேடியேட்டரை மாற்றாமல் எத்தனை கியர் பொக்ஸைக் கொண்டுவந்து பொருத்தினாலும் அத்தனையும் பழுதாகும். கியர் பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தில் படிந்திருப்பதையும் பார்க்க வேண்டும். விரலில் மை போல ஒட்டும் மெல்லிய சாம்பல் நிறத் தூள் வழக்கமான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் உலோகச் சீவல்கள் அப்படியல்ல. ஒயிலின் வகையும் முக்கியம். டெக்ஸ்ரன் கேட்கும் கியர் பொக்ஸும், டொயோட்டாவின் டைப் டி-4 கேட்கும் கியர் பொக்ஸும், மிட்சுபிஷியின் எஸ்பி-3 கேட்கும் கியர் பொக்ஸும் வெவ்வேறானவை. எல்லாம் சிவப்பு ஒயில்தானே என்று கையில் கிடைத்ததை ஊற்றுவது கியர் மாறும் தன்மையையே கெடுத்துவிடும்.

அடுத்ததாக, பழைய கெப்களில் எக்ஸிலரேட்டரிலிருந்து கியர் பொக்ஸுக்குச் செல்லும் கேபிள். உள்ளிருக்கும் ஒயில் அழுத்தத்தை இதுவே தீர்மானிக்கிறது; கணினி இல்லாத வகைகளில் எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்பதும் இதைப் பொறுத்ததே. டொயோட்டாவின் பழைய கியர் பொக்ஸ்களில், எக்ஸிலரேட்டர் முழுவதும் மிதிபட்ட நிலையில் கேபிளின் உறைமுனைக்கும், கேபிளில் அழுத்திப் பொருத்தியிருக்கும் சிறு உலோகத் துண்டுக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளியே இருக்கலாம். என்ஜினை இறக்கி ஏற்றிய பின்னர் இதைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, கியர் மெத்தென்று மாறுவதுபோல் தோன்றும். ஓட்டுநருக்கு அது சுகமாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகள் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும். அதிகமாக இறுகியிருந்தால் கியர் அடித்து மாறும். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதுமான வேலை இது.

மின்சுற்றுப் பக்கத்தில், கெப்களிலும் ஹைலக்ஸ் சேர்ஃபிலும் பரவலாக இருந்த டொயோட்டாவின் ஏ340 கியர் பொக்ஸ் வரிசையின் இலத்திரனியல் வகை தன் நோயைத் தானே சொல்லக்கூடியது. கைநூலிலுள்ள படத்தைப் பார்த்து, சோதனைப் பெட்டியின் டீஈ1, ஈ1 முனைகளை வயர் துண்டால் இணைத்துச் சாவியைப் போட்டால், 'ஓ/டி ஓஃப்' விளக்கு மின்னி மின்னி எண்களைக் காட்டும். 42உம் 61உம் வேக சென்சர்களைக் குறிக்கின்றன. 62, 63, 64 ஆகியவை, மின்சாரத்தால் ஒயில் வழியைத் திறந்து மூடும் சொலனொயிட்களைக் குறிக்கின்றன. இதற்கு ஸ்கேனர் கூடத் தேவையில்லை. இதே வகைக் கியர் பொக்ஸில், சொலனொயிட் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் 'டி'யில் நான்காவதும், '2'இல் மூன்றாவதும், 'எல்'லில் முதலாவதும் மட்டுமே விழ வேண்டும். அவை சரியாக விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிலோ, சென்சரிலோ, சொலனொயிட்டிலோ, கணினியிலோ இருக்கிறது. கியர் பொக்ஸை இறக்க வேண்டிய அவசியமில்லை. என் பார்வையில் ஒரு கராஜின் தரத்தை அளக்க இந்த ஒரு சோதனையே போதும்.

சீரான வேகத்தில் ஓடும்போது வரும் நடுக்கத்தையும் உடனே கியர் பொக்ஸின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஒழுங்காகப் பற்றாத ஸ்பார்க் பிளக்கும் அதே நடுக்கத்தைத் தரும். வாகன நடமாட்டமில்லாத வீதியில், எக்ஸிலரேட்டரை விடாமல் பிரேக்கை இலேசாகத் தொட்டதும் நடுக்கம் நின்றால், டோர்க் கன்வேர்ட்டரை என்ஜினோடு நேரடியாகப் பிணைக்கும் லொக்-அப்பைச் சந்தேகிக்கலாம். நிற்காவிட்டால் முதலில் என்ஜினைப் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தையும் கடந்த பிறகே அழுத்தமானி பொருத்தி ஒயில் அழுத்தம் அளப்பதும், பிரேக்கை முழுவதும் மிதித்து என்ஜினை முடுக்கிப் பார்க்கும் ஸ்டோல் சோதனையும் வர வேண்டும். பின்னது 5 வினாடிக்கு மேல் நீடித்தால் அந்தச் சூடே கியர் பொக்ஸைக் கெடுத்துவிடும் என்பதால், பழகாதவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. அழுத்தமும் குறைந்து, ஒயிலும் கருகி, சீவல்களும் காணப்பட்டால், கழற்றுங்கள் என்று நாங்களே சொல்வோம்.

நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் எனது கோரிக்கை ஒன்றுதான். கியர் பொக்ஸைக் கழற்ற உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கும் கராஜ், அதற்கு முன் ஒயிலின் அளவும் நிறமும், கேபிள் இடைவெளி, கணினி காட்டிய எண்கள், இணைப்பைக் கழற்றி ஓட்டியபோது விழுந்த கியர்கள் ஆகியவற்றை மதிப்பீட்டுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்று விதிக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களும் இந்தச் சோதனை ஒழுங்கைத் தமிழிலும் அச்சிட்டு, பயிலும் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே கராஜ் நடத்துகிறவர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
கெப் உரிமையாளர் ஒருவர்,
கொழும்பு 13.