எந்த டேட்டாபேஸ் மலிவு என்று கேட்கும் உரிமையாளர்களுக்கு

திருப்பூர், கோவை வட்டாரத்துச் சிறு நிறுவன உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாக உங்களைப் போன்றவர்களுக்கு ஆர்டர், ஸ்டாக், டெலிவரி மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறேன். இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "டைனமோடிபி போடலாங்களா, மாங்கோடிபி போடலாங்களா, எது மலிவு?" இரண்டுமே தகவலைச் சேமித்துவைத்துத் தேடித் தரும் டேட்டாபேஸ்கள். யாரோ அனுப்பிய ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றும் கையில் இருக்கும். அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

ஒரே சேவைக்கு ஒரு கம்பெனி மாதம் சில நூறு ரூபாய் கட்டும், பக்கத்துக் கம்பெனி பல ஆயிரம் கட்டும். சேவை தருபவர்கள் எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள், உங்கள் ஆட்கள் அதை ஒரு நாளில் எத்தனை தடவை செய்வார்கள் என்ற இரண்டும் தெரியாமல் மலிவு என்று எதையும் சொல்ல முடியாது.

ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த திரையைச் சொல்கிறேன். சூப்பர்வைசர் போனைத் திறந்தால் நடப்பு ஆர்டர் அத்தனையும் வரும். மேலே, தைத்தது இவ்வளவு, பேக்கிங் ஆனது இவ்வளவு என்று கூட்டுத்தொகை. மொத்தம் 2,000 ஆர்டர் வரிகள். 30 பேர், ஆளுக்கு 20 தடவை திறந்தார்கள். நாங்கள் எடுத்திருந்தது, படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் கட்டணம் எண்ணும் சேவை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 12 லட்சம் வாசிப்பு! பில் வந்த அன்று உரிமையாளர் போன் செய்தார்: "தம்பி, புதுசா ஆள் ஒருத்தரும் சேரலையே, எப்படி இவ்வளவு?" தப்பு எங்கள் திரையில்தான் இருந்தது. கூட்டுத்தொகையைத் தனியாக ஒரே ஆவணத்தில் (டேட்டாபேஸில் ஒரு பதிவு) வைத்து, ஆர்டர் மாறும்போதெல்லாம் அதைத் திருத்தும்படி செய்தோம். பட்டியலை 25, 25 ஆகக் காட்டினோம். ஒரு தடவை திறந்தால் 26 வாசிப்பு, நாளைக்கு 15,600. சேவையை மாற்றவே இல்லை.

சரி, யார் எதை எண்ணுகிறார்கள்?

அமேசானின் டைனமோடிபி, 1 கேபி எழுதினால் ஒரு யூனிட், 4 கேபி வரை படித்தால் ஒரு யூனிட் என்று எண்ணுகிறது. ஒரு நொடி பழைய தகவல் வந்தாலும் பரவாயில்லை என்றால் வாசிப்புக்குப் பாதிதான். சாவியை, அதாவது ஆர்டர் எண் போல ஒரு வரியை அடையாளம் காட்டும் புலத்தை, சொல்லிக் கேட்டால் இதைவிடச் சிக்கனமான சேவை குறைவு. ஆனால் "இந்த பையருக்கு நிலுவையில் உள்ள ஆர்டர்கள்" என்று, சாவியில் இல்லாத ஒன்றைக் கேட்டால் டேபிள் முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம்தான் வடிகட்டும். தலா 1 கேபி அளவில் 2 லட்சம் வரிகள் இருந்தால், பாதிக் கணக்கிலேயே 25,000 யூனிட். திரையில் வருவதோ 12 வரி. இதைத் தவிர்க்க இன்டெக்ஸ் (வேறு புலத்தை வைத்தும் தேட உதவும் தனிப் பட்டியல்) போடலாம். போட்டால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இன்டெக்ஸிலும் எழுத வேண்டும், அதற்கும் காசு. அதனால் என்னென்ன கேட்கப் போகிறீர்கள் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத தொழிலுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

மைக்ரோசாஃப்டின் காஸ்மோஸ் டிபியில் எல்லாமே 'ரெக்வெஸ்ட் யூனிட்'. ஒவ்வொரு பதிலோடும் அது எத்தனை யூனிட் தின்றது என்று திருப்பிச் சொல்கிறது. வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க இது பெரிய உதவி. ஆனால் எல்லாப் புலங்களுக்கும் தானாகவே இன்டெக்ஸ் போட்டுவைக்கும், வேண்டாததை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே பார்ட்டிஷன் சாவியின் (தகவலைப் பிரித்துவைக்கும் புலத்தின் ஒரு மதிப்பு) கீழ் 20 ஜிபி வரைதான் வைக்கலாம். கூகுளின் ஃபயர்ஸ்டோர், படிக்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வாசிப்பு என்று எண்ணும்.

மாங்கோடிபி அட்லஸில் தனி கிளஸ்டர் (உங்களுக்கென்று ஒதுக்கிய மெஷின்கள்) எடுத்தால் மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஒரு தடவை தேடினாலும் ஆயிரம் தடவை தேடினாலும் வாடகை அதேதான், மெஷின் திணறும்வரை. கேள்விகள் மாதாமாதம் மாறும் நம்மூர்த் தொழிலுக்கு இந்த நிம்மதி பெரிது. நாளை வேண்டாம் என்றால் அதே மாங்கோடிபியைச் சொந்த சர்வரிலும் ஓட்டலாம். டைனமோடிபியை விட்டு வெளியே வருவது என்றால் நிரலைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். லெட்ஜரும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் தேவை என்றால் இவை எதுவுமே வேண்டாம், போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான டேபிள் வடிவ டேட்டாபேஸ் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். 2025 அக்டோபர் 20, தீபாவளி அன்று நண்பகலில் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் டைனமோடிபியின் டிஎன்எஸ் பதிவு (பெயரைச் சொன்னால் சர்வரின் முகவரியைத் தருவது) கெட்டுப்போய், அதை நம்பியிருந்த உலகத்துச் செயலிகள் பலவும் நின்றன. உங்கள் சரக்கு விவரம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். மும்பையிலும் ஹைதராபாத்திலும் அமேசான் மையம் இருக்க, யாரும் மாற்றாமல் விட்டதால் வர்ஜீனியாவில் கிடக்க வேண்டியதில்லை.

அடுத்தது பேக்கப். 'மேனேஜ்டு' சேவை என்றால் மெஷின் பழுதைச் சேவை தருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ஆள் தவறி அழித்தால் அந்த அழிப்பும் எல்லாப் பிரதிகளுக்கும் உடனே போய்விடும். டைனமோடிபியில் 35 நாள் வரை பின்னோக்கி மீட்கலாம், ஆனால் அந்த வசதியை நாம் இயக்கி வைத்தால்தான். இயக்கியிருக்கிறதா என்று இன்றே உங்கள் மென்பொருள்காரரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை பேச வரும்போது அந்தப் பட்டியலுக்குப் பதில் ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவாருங்கள். அதிகம் புழங்கும் ஐந்து திரைகள், ஒவ்வொன்றையும் எத்தனை பேர், நாளைக்கு எத்தனை தடவை திறப்பார்கள், எத்தனை வரி வரும் என்று உங்கள் சூப்பர்வைசரிடமே கேட்டு எழுதி வாருங்கள். அரை மணி நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
கோவையிலிருந்து உங்கள் மென்பொருள்காரன்