கப்பல் பெட்டியில் புதுச் செட் வேண்டாம், உதிரிக் கட்டை அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக் காலம் நெருங்க, கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற உறவுகள் வன்னிப் பிள்ளைகளுக்கு அனுப்புகிற கப்பல் பெட்டிகளில், ஒன்றோடொன்று பூட்டி விளையாடுகிற லெகோ பிளாஸ்டிக் கட்டைகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. அனுப்புபவர்கள் ஆசையோடு கடைக்குப் போய்ப் புதுச் செட் ஒன்றை எடுத்து வைக்கிறார்கள். தீயணைப்பு வண்டி, பந்தயக் கார், சில வேளை பனி தள்ளுகிற வண்டி. பிள்ளை கையேட்டைப் பார்த்து இரண்டு மணித்தியாலத்தில் பூட்டி முடித்துவிடும். பிறகு அது அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். அதே காசுக்கு அங்கே பழைய உதிரிக் கட்டைகளை நிறைக் கணக்கில் வாங்கி அனுப்பினால், உழவு இயந்திரமும் அது பின்னால் இழுக்கிற பெட்டியும், டிப்பரும், குளக்கட்டும் வயலும் இங்கேயே கட்டலாம். என்ன துண்டு வேண்டும், எங்கே பிழைக்கும் என்பது அனுப்புகிறவருக்கும் கட்டுகிறவருக்கும் தெரிந்திருந்தால் நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் அளவு. கட்டையின் தலையில் இருக்கும் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய தகடு 3.2 மி.மீ.; மூன்று தகடு சேர்ந்தால் ஒரு கட்டை. இந்தப் பொருத்துமுறைக்கு டென்மார்க்கில் காப்புரிமை கோரப்பட்டது 1958 இல். அன்றிலிருந்து அளவு மாறாததால், 1980களில் யாரோ ஒரு பிள்ளை விளையாடிவிட்டு மேல்மாடியில் போட்ட கட்டையும் போன மாதம் வந்த கட்டையும் ஒன்றோடொன்று இறுகும். பழையதை வாங்கத் தயங்கவே தேவையில்லை.

வன்னியில் வண்டியையும் வளவையும் இன்னும் அடிக்கணக்கில்தான் சொல்கிறோம். அதுவே இங்கே கைகொடுக்கிறது: ஒரு அடிக்கு ஒரு குமிழ். ஒரு அடி 304.8 மி.மீ.; 8 ஆல் பிரித்தால் 38 மடங்கு சிறிதாகிறது. கட்டைப் பொம்மை மனிதன் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் உயரம். அதை 38 ஆல் பெருக்கினால் ஐந்து அடி மனிதன். ஆக, பொம்மையும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தும். உயரத்துக்கு ஒரு அடிக்கு இரண்டரைத் தகடு. இரண்டு அடிக்கு ஐந்து தகடு, 16 மி.மீ. இரண்டு குமிழும் அதே 16 மி.மீ. என்பதைக் கவனியுங்கள். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பூட்டும் வேலை எல்லாம் இந்த ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில்தான் நிற்கிறது. பக்கத்தில் குமிழ் உள்ள கட்டையையோ எல் வடிவத் தகட்டையோ வைத்து லொறியின் முன் கிறிலைக் குத்தாக நிறுத்தும்போது, அதன் உயரம் ஐந்து தகட்டின் மடங்காக இல்லாவிட்டால் மேலே ஓட்டை விழும்.

படம் கீறுவதற்குக் கணினி தேவையில்லை. பாடசாலையில் பாவிக்கிற மில்லிமீற்றர் வரைபுத்தாளில் ஒரு குமிழுக்கு 5 மி.மீ. அகலமும் ஒரு தகட்டுக்கு 2 மி.மீ. உயரமும் எடுங்கள். 8க்கு 3.2 என்பதும் 5க்கு 2 என்பதும் ஒரே விகிதம் என்பதால் படம் துளியும் கோணாது. சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டத்தை ஒரு கட்டையாகக் கீறினால் வண்டி குட்டையாகத் தெரியும். கட்டிப் பார்க்கும்போது உயர்ந்துவிடும்.

உழவு இயந்திரத்தில் தொடங்குவது நல்லது. மசி பேர்குசன் போன்ற நடுத்தர இயந்திரம் ஏறத்தாழ ஆறு அடி அகலம், அதாவது 48 மி.மீ. பொனற் இரண்டு குமிழ், 16 மி.மீ. அதன் இரண்டு பக்கமும் 14 மி.மீ. தடிப்பான பின் டயர்கள் வந்தால் மொத்தம் 44. மிச்சம் 4 மி.மீ. டயர் உடம்பில் உரசாமலிருக்கிற இடைவெளி. பின் டயர் 30 மி.மீ. விட்டம், முன் டயர் 17 மி.மீ. விட்டம் கிடைத்தால் தோற்றம் சரியாக வரும். புதுச் செட்டின் பெரிய குறையும் இதுதான்: பெரும்பாலான கார், லொறிச் செட்டுகளில் நாலு சில்லும் ஒரே அளவு. நாலு சில்லும் ஒரே அளவான உழவு இயந்திரம், எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், ஜீப்புக்குப் பொனற் நீட்டிய மாதிரித்தான் நிற்கும். உதிரி வாங்குபவர்கள் சில்லை முதலில் பொறுக்குங்கள். மற்றத் துண்டுகளுக்கு மாற்றுத் தேடலாம், சில்லுக்கு இல்லை.

பெட்டி இன்னும் லேசு. பத்து அடி நீளம், ஆறு அடி அகலம் என்றால் 10க்கு 6 குமிழ். ஒன்றரை அடிப் பலகைக்கு நாலு தகடு. இதில் வழக்கமாக இரண்டு பிழை வரும். ஒன்று, அச்சை நட்ட நடுவில் போடுவது. பின்பக்கம் கொஞ்சம் சுமை ஏறினாலே பெட்டி மல்லாந்துவிடும். முன்னிருந்து ஆறாவது குமிழுக்குக் கீழே அச்சு வந்தால் பாரம் கொழுவியில் அமரும். மற்றது, சில்லு தளத்தில் முட்டுவது. 24 மி.மீ. டயர் போட்டால், அச்சு நுழையும் துளைக் கட்டைக்கு மேலே டயர் ஏறத்தாழ 8 மி.மீ. நீட்டி நிற்கும். ஆகவே அந்தக் கட்டைக்கும் தளத்துக்கும் நடுவில் இன்னொரு கட்டை உயரம், 9.6 மி.மீ., கட்டாயம் வேண்டும்.

ஓட்டோ நாலு குமிழ் அகலம், எட்டரை முதல் ஒன்பது வரை நீளம், பதினாலு தகடு உயரம். பக்கம் திறந்திருப்பது இங்கே பெரிய உதவி. பொம்மையின் கை உடம்பை விட வெளியே தள்ளி நிற்பதால் இரண்டு சுவர்களுக்கு நடுவே அதற்கு மூன்று குமிழ் இடம் தேவை. ஓட்டோவில் சுவர் இல்லை, கை வெளியே போகும். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் எட்டுக்கு முப்பத்தாறு குமிழ் வரும். அதைப் பழகியவர்களுக்கு விடுவோம்.

டிப்பரில் அடிச்சட்டந்தான் விசயம். எட்டுக் குமிழ் அகலத்தில் இருபத்துநாலு குமிழ் நீளத்தை ஒற்றைத் தகட்டு அடுக்கில் இழுத்தால் நடுவில் தொய்யும். கையில் தூக்கும்போது மூட்டு விரியும். மேசன் கல் வைக்கிற முறையைப் பாருங்கள்: கீழ் வரி மூட்டுக்கு மேலே அடுத்த வரி மூட்டு வராது. தகட்டுக்கும் அதேதான். இரண்டு அடுக்குப் போட்டு, மூட்டுகளைக் குறைந்தது இரண்டு குமிழ் தள்ளி வையுங்கள். பாரம் கூடினால் தகடு, நடுவில் இரண்டு வரிக் கட்டை, மேலே தகடு என்று அடுக்குங்கள். தூக்குகிற பெட்டிக்குச் சாதாரணப் பிணைச்சல் போட்டால் நிற்காது, விழும். சொடுக்குச் சொடுக்காக நிற்கிற பிணைச்சல் இரண்டு வேண்டும்.

டிப்பருக்கு உண்மை மணலைப் போடுகிற ஆசை எல்லாருக்கும் வரும். போடாதீர்கள். மணல் கட்டையின் அடிக்குழாய்க்குள் புகுந்தால் உட்சுவரைச் சுரண்டிவிடும். பிறகு அந்தக் கட்டை இறுகாது. ஒரு குமிழ் வட்டத் தகடுகளை மண்நிறத்தில் கொட்டுங்கள். நாலுக்குப் பத்துக் குமிழ் உள்ளளவுள்ள பெட்டியை முழுக்க நிரப்ப நூறுக்கு மேல் வேண்டியிருக்கும். அடியில் உதவாத நிறக் கட்டைகளை அடுக்கி மேலே ஒரு பரவல் மட்டும் போட்டால் நாற்பது ஐம்பதோடு முடியும்.

இனிக் காட்சி. முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு குமிழ் அடித்தளம் 25.6 சென்ரிமீற்றர் சதுரம். நம் கணக்கில் அது முப்பத்திரண்டு அடி. ஏ9 வீதியின் இரண்டு வழியும் போட்டால் இருபத்துமூன்று குமிழ் அதற்கே போய்விடும். ஒரு ஏக்கர் வயல் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 208 அடி. 208 குமிழ் என்றால் ஒன்றரை மீற்றருக்கு மேலே, அதற்கு நாற்பதுக்கு மேற்பட்ட அடித்தளம் தேவை. இரணைமடுக் குளத்தைக் கட்டப் போகிறோம் என்று தொடங்கி, கடைசியில் நீலத் தகடு பரப்பிய ஒரு சதுரத்தை வைத்துக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். குளத்தை விடுங்கள். துருசு (மதகு) ஒன்று, கட்டின் சரிவில் பத்து அடி, வாய்க்கால், ஒரு வரம்பு, வரம்புக்கு அப்பால் வயலின் ஒரு மூலை. இவ்வளவு போதும், பார்க்கிறவர் மிச்சக் குளத்தைத் தானே நினைத்துக்கொள்வார்.

தண்ணீருக்கு நீலம் வேண்டாம். நம் வாய்க்கால் தண்ணீர் நீலமாக ஓடுவதில்லை. அடியில் மண்நிறமும் கடும்பச்சையும் கலந்து தகடு வைத்து, மேலே குமிழ் இல்லாத, கண்ணாடி மாதிரித் தெரிகிற நிறமற்ற தகட்டால் மூடினால் கலங்கல் தண்ணீர் தெரியும். கிரவல் வீதிக்குச் செம்மண்நிறம். நெல்லுக்குப் பச்சை ஒரு குமிழ் வட்டங்கள் போதும். பதினாறுக்குப் பதினாறு குமிழ் மூலையில் பாதியை மறைக்க 128. அவற்றைக் கோடு பிடித்து வைப்பது வேறு ஊர்ப் படங்களைப் பார்த்து வருகிற பழக்கம். வன்னியில் பெரும்பாலும் வீசி விதைப்புத்தானே. ஒழுங்கில்லாமல் தெளியுங்கள்.

பனை இல்லாமல் வன்னிக் காட்சி இல்லை, ஆனால் பனைதான் முதலில் விழுகிறது. அறுபது அடிப் பனைக்கு ஐம்பது கட்டை உயரம் வரும். அதில் பாதி போதும், கண் பிழை சொல்லாது. ஒரு குமிழ் வட்டக் கட்டைகளை இருபத்தைந்து அடுக்கினால் மின்விசிறிக் காற்றுக்கே சாயும். இரண்டு குமிழ் வட்டக் கட்டைகளை எடுங்கள். அவற்றின் நடுவில் சிலுவைத் துளை இருக்கும். நீள அச்சொன்றை உள்ளே விட்டால் மரம் முறியாது. அச்சு முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் ஒரே கட்டைக்குள் வரவேண்டும். இரண்டு கட்டைகளின் நடுவில் வந்தால் மரம் அங்கேதான் மடியும். செட்டில் வருகிற ஓலைத் துண்டு தென்னோலை மாதிரி நீண்டது. பனையோலை விசிறி. சிறிய இலைத் தகடுகள் எட்டுப் பத்தை வட்டத் தகட்டைச் சுற்றி அடுக்கி, அவற்றுக்குக் கீழே கபில நிறத்தில் நாலைந்து தொங்கவிடுங்கள். காவோலை தொங்காத பனை பொம்மைப் பனையாகத்தான் இருக்கும்.

அடித்தளத் தகடு வளையும். வளைந்தால் மேலுள்ளதெல்லாம் தெறிக்கும். 6 மி.மீ. ப்ளைவூட்டில் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டு போவதானால் பதினாறு குமிழ் துண்டங்களாகக் கட்டி, ஓரங்களில் துளைக் கட்டையும் அதில் நுழைகிற பூட்டு ஊசியும் வைத்து அங்கே போய்ப் பூட்டுங்கள்.

பழைய கட்டை வந்தவுடன் கழுவ வேண்டும். 40 பாகை செல்சியசுக்கு மேலே சூடான தண்ணீர் கூடாது. அதற்கு மேல் போனால் கட்டை கோணும். சோப் தூள் கரைசலில் ஊறவிட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நம் கிணறுகள் பலவற்றில் கல்லுத் தண்ணீர். காய்ந்தால் வெள்ளைப் படை விழும், கண்ணாடித் துண்டில் அது நன்றாகத் தெரியும். கடைசி அலசல் மழைத் தண்ணீரில் இருக்கட்டும். நிழலில் காயவையுங்கள், வெயில் வெள்ளைக் கட்டையை மஞ்சளாக்கிவிடும். பெற்றோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கிட்டப் போகக்கூடாது. அவற்றில் கட்டையின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இளகும், சில கரைந்தே போகும்.

வேறு கம்பனிகளின் கட்டை கூடாதா என்று கேட்பார்கள். பழைய காப்புரிமைகள் எப்போதோ முடிந்துவிட்டன. பொருந்துகிற கட்டை பல கம்பனிகளிலிருந்து வருகிறது, தரத்தில் நல்லதும் உண்டு. கலக்கும்போது மட்டும் கவனம். ஒரு கட்டைக்கு 0.05 மி.மீ. பிசகு என்றால் இருபது வரியில் ஒரு மில்லிமீற்றர். ஒரு மூலைத் தூண் உயர்ந்து கூரைத் தகடு உட்காராது. இருபதை அடுக்கி, மேல் குமிழை விட்டு அளந்து பாருங்கள். 192 மி.மீ. இருக்க வேண்டும். இல்லாதவற்றை வயலுக்கும் குளக்கட்டுக்கும் ஒதுக்குங்கள். சில கம்பனிகளின் பெட்டிகளில் யுத்த தாங்கிகளும் கவச வாகனங்களும் நிறைய. வன்னிப் பிள்ளைக்கு அனுப்ப வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம்: அதிலுள்ள மண்நிற, கடும்பச்சைத் தகடுகள் வரம்புக்கு அச்சொட்டானவை.

அனுப்புகிறவர்களுக்கு: நாலுக்கு இரண்டு குமிழ் கட்டை ஒன்று 2.3 கிராம், அவை மட்டும் என்றால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 430. கலவையில் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒரு உழவு இயந்திரம், பெட்டி, ஒரு அடித்தளக் காட்சிக்கு இரண்டு மூன்று கிலோ தாராளம். கட்டையை விடத் தகடு கூடுதலாக இருக்கட்டும். சில்லு, டயர், அச்சு, துளைக் கட்டை, பிணைச்சல் இவற்றைத் தனிப் பையில் கட்டுங்கள். அட்டைப் பெட்டியும் கையேடும் நிறைக்குத்தான், விட்டுவிடலாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீடென்றால் ஒரு குமிழ் துண்டுகள் வேறாகவும் மூடி இறுக்கமாகவும் வரட்டும். தொண்டையில் சிக்கும் அளவு அது.

இப்படிக்கு,
உதிரிக் கட்டையில் வண்டி கட்டுவோர் சிலர்,
கிளிநொச்சி.