ஐந்து விரல் சிங்கம்

ஸ்வாகொப்முண்ட், நமீபியா

அன்புள்ள கதிர்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். நீயே படிக்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரை இதை அவளையே வாசிக்கச் சொல். அதனால் அடக்கமாகவே எழுதுகிறேன்.

பத்து நாளாக மருமகன் வண்டி ஓட்டுகிறான். நம் ஊர்போல இடப்பக்கம்தான். ஆனால் தார் ரோடு கோரிக்ஸாஸ் ஊரோடு சரி. அதற்கப்புறம் சரளை மண். தகரக் கூரைமேல் வண்டி ஓட்டியதுண்டா? அப்படி வரிவரியாக, பல் கிடுகிடுக்க. ஒரு டயரும் போயிற்று. ஜாக்கி வைத்துத் தூக்கி முடிக்கும்வரை அந்த வழியில் ஒரு ஈ காக்கை வரவில்லை.

போன இடம் ட்வைஃபெல்ஃபொன்டெய்ன். 1940களில் அங்கே ஆடு மேய்க்க வந்த வெள்ளைக்கார விவசாயி, ஊற்றுத் தண்ணீர் போதுமா போதாதா என்று குழம்பி, ‘சந்தேக ஊற்று’ என்று தன் மொழியில் வைத்த பெயர். அங்கேயே இருந்த டமாரா மக்கள் வைத்த பெயர் வேறு. அதில் நாக்கைச் சொடுக்கும் ஒலி வருகிறது. வழிகாட்டிப் பெண் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வந்ததெல்லாம் பல்லி சத்தம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

செம்மண் நிறப் பாறைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கல்கள். காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, யானை, தீக்கோழி. 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த நாட்டில் முதல் இடம் அதுதான். வேட்டையாடிப் பிழைத்தவர்கள், இரும்பு உளி இல்லாமல், கெட்டியான கல்லால் கல்லைக் கொத்தியிருக்கிறார்கள். அம்மி கொத்துகிறவன் வேலைதான், புள்ளி புள்ளியாக. தொட்டுப் பார்க்க விடவில்லை, அது நியாயம்தான்.

ஒரு சிங்கம் இருக்கிறது. வால் நீளமாகப் போய் மடங்குகிறது, அதன் நுனியிலும் ஒரு பாதம். விரல்களை எண்ணச் சொன்னாள். சிங்கத்தின் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். இதற்கு ஐந்து. விரல் எண்ணத் தெரியாமல் செதுக்கியிருக்க மாட்டார்கள், தடம் பார்த்துத்தானே அவர்களுக்குச் சோறு! அருள் வந்து ஆடும்போது மனிதன் சிங்கமாக மாறுவதைத்தான் காட்டியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எனக்கு அது பிடித்திருந்தது. மருமகன் பொறுமையில்லாமல் கடிகாரத்தைப் பார்க்க, நான் இன்னொரு தடவை எண்ணினேன்.

அதைவிட என்னை உட்காரவைத்தது ஒரு கடல்நாய்ச் (சீல்) செதுக்கல். கடல் அங்கிருந்து சுமார் 100 கி.மீ., நடுவில் பாலைவனம். யாரோ நடந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்து வந்து, பார்க்காதவர்களுக்காகக் கொத்தி வைத்திருக்க வேண்டும். நீ கன்னியாகுமரிக்குப் போய்வந்து, ஹாஸ்டல் சுவரில் கரிக்கட்டையால் கப்பல் வரைந்து காட்டியது நினைவிருக்கிறதா? வார்டன் இரண்டு ரூபாய் அபராதம் போட்டார்.

பிரான்ட்பெர்க் மலையில் ‘வெள்ளைப் பெண்’ என்றொரு ஓவியம் உண்டு. அது வெள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை என்கிறார்கள் இப்போது. வெயிலில் நெடுநடை, என் முழங்கால் மாட்டேன் என்றது.

கடற்கரைக்கு இறங்கியதும் கேப் கிராஸ் போனோம். நிஜக் கடல்நாய்கள், ஆயிரக்கணக்கில். படத்தில் வராத ஒன்று அங்கே இருந்தது: நாற்றம். இரண்டு நாளாகச் சட்டையை விட்டுப் போகவில்லை. வரும்போது துவைக்காமல் கொண்டுவரட்டுமா?

உன்,
சேது